வரைந்ததைக் கணக்கிடுவதா, அச்சில் வந்ததைக் கணக்கிடுவதா? நுண்துளை உலோகங்களை வடிவமைக்கும் மூன்று வழிகள்

துளைகள் நிறைந்த ஓர் உலோகப் பாகத்தை வடிவமைக்க முனையும் குழு தொடக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. வடிவத்தைக் கணினியில் வரைந்து, அதன் விறைப்பையும் அதனுள் பாயும் திரவம் சந்திக்கும் தடையையும் கணக்கிட்டு, எண்கள் பொருந்திய பிறகு ஒரே முறை அச்சிட்டு முடிப்பது ஒரு வழி. கணக்கீட்டை அதிகம் நம்பாமல் பல மாதிரிகளை அச்சிட்டு, அவற்றை எந்திரத்தில் அழுத்திப் பார்த்து, கிடைக்கும் அளவீடுகளை வைத்துக்கொண்டு முன்னேறுவது இரண்டாவது வழி. சிறு மாதிரிகளை அச்சிட்டு, எக்ஸ் கதிர் நுண் சிடி ஸ்கேன் மூலம் அவற்றின் உண்மையான வடிவத்தைக் கணினிக்குள் திரும்பக் கொண்டுவந்து, அந்த வடிவத்தின்மீதே கணக்கீட்டை நடத்துவது மூன்றாவது வழி. மூன்றிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. மூன்றிலும் பணமும் காலமும் வீணாகியும் இருக்கின்றன. எல்லாப் பாகங்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை. ஆனால் கையிலுள்ள பாகத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு கேள்வியைக் கொண்டு பெரும்பாலும் முடிவு செய்துவிட முடியும் என்பது என் கருத்து. அச்சில் நேரும் தடிமன் பிழை, நமக்குத் தேவைப்படும் பண்பில் எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு முன்னால், அச்சிடத்தான் வேண்டுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். லேசரால் உலோகத் தூளை உருக்கி அடுக்கடுக்காக வளர்க்கும் எந்திரங்களில் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் வரை விட்டமுள்ள தூள் துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். நம்பகமாக வரும் மிக மெல்லிய தண்டு ஏறத்தாழ 0.2 மி.மீ. என்ற அளவில் நின்றுவிடுகிறது. எனவே 100 மைக்ரானுக்கும் குறைந்த துளைகள் தேவைப்படும் வடிகட்டிக்கோ மின்முனைக்கோ இந்த முறை உதவாது. தூளை அழுத்திச் சுட்டுத் துகள்களை ஒட்டவைக்கும் பழைய முறையே அங்கு எளிது, மலிவு. துளைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, சராசரி அடர்த்தி குறைந்தால் போதும் என்ற தேவைக்கும் நுரை உலோகமே போதுமானது. ஓரிடத்தில் அடர்த்தியாகவும் வேறோரிடத்தில் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும், துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து திறந்திருக்க வேண்டும், வெளி உருவமும் சிக்கலானது என்ற நிலையில்தான் அச்சு தன் விலைக்கு ஈடான பயனைத் தருகிறது. எலும்புக்குள் பொருத்தும் டைட்டேனியப் பாகம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. திண்மையான டைட்டேனிய உலோகக் கலவையின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சுமார் 110 கிகாபாஸ்கல். கெட்டியான எலும்பின் குணகமோ பெரும்பாலும் 10 முதல் 20 வரைதான். சுமையை உலோகமே தாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையின்றி மெலிந்துபோகும். ஆகவே உலோகத்தில் துளைகளை ஏற்படுத்தி விறைப்பைக் குறைக்கிறார்கள். அதே துளைகளுக்குள் எலும்பு வளரவும் இடம் கிடைக்கிறது.

வரைந்த வடிவத்தைக் கணக்கிடுவது

முதல் வழியின் பலம் அதன் வேகம். துளைப் பொருள்களின் விறைப்பைக் கணிக்க கிப்சன், ஆஷ்பி ஆகிய இருவரும் வகுத்த தொடர்பு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: பொருளின் சார்பு அடர்த்தி, அதாவது மொத்தக் கனஅளவில் உலோகம் நிரப்பியிருக்கும் பங்கு, ஓர் அடுக்குக்கு உயர்த்தப்பட்டு ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டால் சார்பு விறைப்பு கிடைக்கிறது. உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்து சுமையைத் தாங்கினால் அந்த அடுக்கு 2. நீண்டும் சுருங்கியும் தாங்கினால் 1. எது நடக்கும் என்பதைக் கணுக்களில், அதாவது தண்டுகள் சந்திக்கும் புள்ளிகளில், சேரும் தண்டுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எல்லாக் கணுக்களும் ஒரே மாதிரியான சூழலில் அமைந்த முப்பரிமாணப் பின்னல் வளைவின்றிச் சுமை தாங்க, ஒவ்வொரு கணுவிலும் 12 தண்டுகள் சேர வேண்டும். கனசதுரத்தின் நடுப்புள்ளியிலிருந்து எட்டு மூலைகளுக்கும் தண்டுகள் செல்லும் எளிய பின்னலில் கணுவுக்கு 8 தண்டுகளே உள்ளன. ஆகவே அது வளையும். தேஷ்பாண்டே, ஃப்ளெக், ஆஷ்பி ஆகியோர் 2001-இல் விரிவாக ஆராய்ந்த ஆக்டெட் பின்னலில் 12 தண்டுகள் உள்ளன. ஆகவே அது விறைத்து நிற்கும்.

இந்த அடிப்படையில் ஒரே ஓர் அலகுக் கலத்தை எடுத்து, அது எல்லாத் திசைகளிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொண்டு, வடிவத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் சில நிமிடங்களில் அதன் விறைப்பைக் கண்டுவிடலாம். தண்டுகளின் விட்டத்தையும் கலத்தின் அளவையும் மாற்றி நூற்றுக்கணக்கான வடிவங்களை ஒரே நாளில் ஒப்பிட முடியும். வடிவமைப்பின் தொடக்கத்தில், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பின்னல் என்பதையே முடிவு செய்யாத நிலையில், இதற்கு ஈடான வேறு கருவி இல்லை. அந்தக் கட்டத்தில் அச்சு எந்திரத்தை இயக்குவது வீண் செலவு என்றே சொல்வேன்.

குறை எங்கே வருகிறது என்பதை ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன எட்டுத் தண்டுப் பின்னலை 2 மி.மீ. கலத்தில், 0.3 மி.மீ. விட்டமுள்ள தண்டுகளால் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணுக்களில் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியைக் கழிக்காமல் கணக்கிட்டால் சார்பு அடர்த்தி 12.2 விழுக்காடு, துளைமை, அதாவது வெற்றிடத்தின் பங்கு, சுமார் 88 விழுக்காடு. எந்திரம் தண்டை 0.36 மி.மீ. தடிமனில் அச்சிட்டுவிடுகிறது என்போம். 0.06 மி.மீ. என்பது இரண்டு மூன்று தூள் துகள்களின் விட்டம்தான். இப்போது துளைமை 82 விழுக்காடு. 88 எங்கே, 82 எங்கே என்று யாரும் பதறமாட்டார்கள். அறிக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். ஆனால் உலோகத்தின் பங்கு 44 விழுக்காடு கூடியிருக்கிறது. வளையும் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், பின்னலின் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. எலும்பின் விறைப்புக்கு இணையாக அமைக்கப் பாடுபட்ட பாகம், அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்த இலக்கைப்போல் இரு மடங்கு விறைப்போடு வருகிறது. துளைமையை மட்டும் இலக்காக எழுதி வைக்கும் வழக்கத்தை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். சார்பு அடர்த்தியை எழுதிவைத்தால் அதே பிழை கண்ணில் படாமல் போகாது.

தண்டு ஏன் தடிக்கிறது என்பதும் தெரிந்ததே. லேசர் உருக்கிய உலோகத்தின் சிறு குளம் தண்டின் எல்லையைத் தாண்டிப் பரவுகிறது. அதன் ஓரத்தில் பாதி உருகிய துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கீழ்நோக்கிய பரப்பின் அடியில் திண்மையான உலோகத்துக்குப் பதிலாகத் தளர்ந்த தூளே இருப்பதால் வெப்பம் வெளியேற வழியின்றி உருகிய உலோகம் கீழே இறங்கி உறைகிறது. நாம் எடுத்துக்கொண்ட பின்னலின் தண்டுகள் கிடைமட்டத்திலிருந்து 35 டிகிரியில் சாய்ந்திருப்பவை. தாங்குகால் இல்லாமல் அச்சிட 45 டிகிரியாவது வேண்டும் என்பது பொது விதி. தண்டுகள் குட்டையாக இருப்பதால் அச்சு நின்றுவிடும், ஆனால் குறுக்குவெட்டு வட்டமாக வராமல் செங்குத்துத் திசையில் நீண்டு வரும். வரைந்த வட்டத்தை வைத்துச் செய்த கணக்கு இவை எதையும் அறியாது.

அச்சிட்டு அழுத்திப் பார்ப்பது

இரண்டாவது வழி இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே அடியில் கடந்துவிடுகிறது. எந்திரத்தின் குணமும் தூளின் தரமும் வெப்பப் பதப்படுத்தலின் விளைவும் சேர்ந்தே மாதிரிக்குள் இருப்பதால், அளவீடு அவை அனைத்தையும் தாங்கி வருகிறது. துளையுள்ள உலோகங்களின் அழுத்தச் சோதனைக்கென்றே 2011-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13314 என்ற தரநிலை இருக்கிறது. மாதிரியின் ஒவ்வொரு பக்கமும் சராசரித் துளை அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. தொடக்கத்தில் தெரியும் சாய்வை யங் குணகம் என்று எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது: முதல் சில நொடிகளில் மாதிரியின் மேடு பள்ளங்கள் நசுங்குவதும் சில தண்டுகள் முன்கூட்டியே நிரந்தரமாக வளைந்துவிடுவதும் சேர்ந்தே அந்தச் சாய்வைத் தருகின்றன. ஆகவே சுமையைப் பாதி இறக்கி, இறங்கும்போது கிடைக்கும் சாய்வை எடுக்க வேண்டும். எந்திரத்தின் தலை எவ்வளவு நகர்ந்தது என்பதை மாதிரியின் சுருக்கமாகக் கொள்வது இன்னொரு பொதுவான தவறு. சட்டமும் தட்டுகளும்கூடச் சிறிது வளைகின்றன. மாதிரி விறைப்பாக இருக்க இருக்க அந்தப் பிழை வளர்கிறது. மாதிரியின்மீதே பொருத்தும் நீட்சிமானியோ, கேமரா கொண்டு பரப்பின் நகர்வை அளக்கும் முறையோ தேவை.

இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் இந்த வழியின் எல்லை விரைவில் தெரிந்துவிடும். சோதனை ஓர் எண்ணைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. விறைப்பு எதிர்பார்த்ததைவிட இரு மடங்காக வந்தால், தண்டு தடித்ததாலா, கணுக்கள் பருத்ததாலா, உலோகத்தின் உள்ளமைப்பு மாறியதாலா என்று அந்த வரைபடத்திலிருந்து சொல்ல முடியாது. அடுத்த வடிவத்துக்கு மறுபடியும் அச்சு, மறுபடியும் சோதனை. ஐந்தாறு அடர்த்திகளில் அளந்து, கிப்சன்–ஆஷ்பி தொடர்பின் மாறிலியையும் அடுக்கையும் பொருத்திக்கொண்டால், அளந்த எல்லைக்குள் நம்பகமான கணிப்பு கிடைக்கும். எல்லைக்கு வெளியே அந்தக் கோட்டை நீட்டுவது ஆபத்து. ஒரே எந்திரம், ஒரே உலோகம், ஒரே பின்னல் என்று ஆண்டுக்கணக்கில் உற்பத்தி செய்யப்போகும் இடத்துக்கு இது மிகவும் பொருத்தமானது. ஒருமுறை செலவிட்டு அமைத்த அட்டவணை அங்கே நெடுநாள் பயன்படும்.

மூன்றாவது வழிக்குச் செல்லும் முன், யாரும் செலவாகக் கருதாத ஒரு சோதனையைச் சொல்லிவிட வேண்டும். மேலே கண்ட பின்னலில் 20 மி.மீ. கனசதுரம் ஒன்றை அச்சிட்டால், டைட்டேனியக் கலவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம் என்ற கணக்கில் அது 4.3 கிராம் இருக்க வேண்டும். தண்டு 0.36 மி.மீ. ஆக வந்திருந்தால் 6.2 கிராமுக்கு மேல் இருக்கும். கிட்டத்தட்ட 2 கிராம் வேறுபாட்டை எந்தத் தராசும் காட்டிவிடும். துளைக்குள் சிக்கிய தூளை முழுவதும் வெளியேற்றிவிட்டு எடை போட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எடை போடாமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

அச்சில் வந்ததைக் கணக்கிடுவது

ஸ்கேன் செய்து கணக்கிடும் வழி, முதல் இரண்டின் நல்ல அம்சங்களையும் ஒருசேரத் தரும் என்று சொல்லப்படுவதுண்டு. அது ஓரளவு உண்மை. அதற்கு விலையும் உண்டு. நுண் சிடி கருவியின் உணரிப் பரப்பில் ஒரு வரிசைக்குச் சுமார் 2,000 படப்புள்ளிகள் இருக்கும் என்று கொண்டால், 20 மி.மீ. மாதிரி முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமானால் 10 மைக்ரானைவிட நுணுக்கமாகப் பார்க்க முடியாது. நடைமுறையில் 20 மைக்ரான் வோக்சலில் (முப்பரிமாணப் படப்புள்ளியில்) ஸ்கேன் செய்தால் மாதிரி 100 கோடி வோக்சல்களாகிறது. அவற்றில் உலோகம் மட்டும் சுமார் 18 கோடி. அதே மாதிரியை வரைந்த வடிவத்தில், தண்டுகளை வெறும் உத்தரங்களாகக் கருதிக் கணக்கிட்டால் ஆயிரம் கலங்களுக்கு எட்டாயிரம் உறுப்புகள் போதும். எட்டாயிரத்துக்கும் 18 கோடிக்கும் இடையிலுள்ள தொலைவுதான் முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள கணினிச் செலவின் வேறுபாடு. ஆனால் உத்தரக் கணக்கு மலிவாக இருப்பதற்குக் காரணம், அது கணுக்களின் பருமனைக் காணாமல் விடுவதும்தான். நம் பின்னலில் தண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் ஆறு மடங்குகூட இல்லை; இவ்வளவு குட்டையான தண்டில் கணு விழுங்கிவிடும் நீளம் பெரிய பங்கு. ஆகவே உத்தரக் கணக்கு விறைப்பைக் குறைத்தே காட்டும்.

ஸ்கேன் வழியில் பலர் கவனிக்கத் தவறும் இடம், சாம்பல் நிறப் படத்தை உலோகம், வெற்றிடம் என்று இரண்டாகப் பிரிக்கும் எல்லையைத் தீர்மானிப்பது. அந்த எல்லை தண்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு வோக்சல் தள்ளிப்போனால் 0.36 மி.மீ. தண்டு 0.40 ஆகிவிடும், நான்காம் அடுக்கின் காரணமாக விறைப்பு 50 விழுக்காடு கூடிவிடும். உண்மையான வடிவத்தைக் கணக்கிடுகிறோம் என்ற நம்பிக்கையில், படம் பிரிக்கும் மென்பொருளின் தானியங்கித் தேர்வைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் நிலை இது. இதிலிருந்து காப்பது மறுபடியும் தராசுதான். பிரித்தெடுத்த உலோகக் கனஅளவை அடர்த்தியால் பெருக்கினால் அளந்த எடை வர வேண்டும். வரும்வரை எல்லையை நகர்த்த வேண்டும். பரப்பில் ஒட்டிய துகள்கள் எடையில் சேரும், சுமை தாங்குவதில் சேராது என்பதால் இதிலும் ஒரு சிறு பிழை மிஞ்சும். ஆனால் அதன் திசை நமக்குத் தெரியும், அது கணிப்பைச் சற்றே உயர்த்தும்.

வோக்சல்களால் ஆன பரப்பு படிக்கட்டுப்போல் இருந்தாலும், அதில் கிடைக்கும் சராசரி விறைப்பை நம்பலாம். ஒரு குறிப்பிட்ட புள்ளியில் அது காட்டும் உச்ச அழுத்தத்தை நம்பக் கூடாது. உறுப்புகளாகப் பிரிக்கும் பிணைவலை எதுவும் அமைக்காமல் படத்தின்மீதே நேராகக் கணக்கிடும் ஃபூரியர் முறையை முலினெக், சுகே ஆகியோர் 1994-இல் முன்வைத்தார்கள். நினைவகத்தை அது பெரிதும் மிச்சப்படுத்துகிறது, ஆனால் உலோகத்துக்கும் வெற்றிடத்துக்கும் விறைப்பில் உள்ள எல்லையற்ற வேறுபாடு, அது விடையை நோக்கிக் குவிவதை மெதுவாக்கிவிடுகிறது. மீள்தன்மை எல்லைக்குள் இருக்கும்வரை திண்மையான கலவையின் குணகத்தையே இட்டுக் கணக்கிடலாம். எந்தச் சுமையில் பாகம் நசுங்கத் தொடங்கும் என்பதே கேள்வியானால், வேகமாகக் குளிர்ந்த மெல்லிய தண்டின் உலோகம் பெரிய கட்டியின் உலோகத்திலிருந்து வேறுபட்டது என்பதால், தண்டின் அளவிலேயே அச்சிட்ட இழுவைச் சோதனை மாதிரிகளும் தேவைப்படும்.

இவ்வளவு செலவு எப்போது தகும்? அடுக்கு உயர்ந்திருக்கும்போது. தண்டு வளையும் பின்னலில், சிறிய கலத்தில், விறைப்பே இலக்காக இருந்தால் ஸ்கேன் தவிர்க்க முடியாதது. ஸ்கேனிலிருந்து ஒரு முறை தடிமன் பிழையைத் தெரிந்துகொண்டால், அடுத்த வரைபடத்தில் தண்டை முன்கூட்டியே மெலிதாக வரைந்து ஈடுகட்டலாம். இலக்கு 0.3 என்றால் 0.24 என்று வரைவது நினைப்பதற்கு எளிது. ஆனால் வரையும் விட்டம் லேசரின் புள்ளி அளவை நெருங்க நெருங்க எந்திரம் ஏறத்தாழ ஒரே தடிமனையே தரத் தொடங்கிவிடும். ஆகவே ஈடுகட்டலை இரண்டு மூன்று விட்டங்களில் சரிபார்க்காமல் கையாளக் கூடாது.

பின்னலைத் தேர்ந்தெடுப்பதும் இதே கேள்விதான்

நாசாவில் பணியாற்றிய ஆலன் ஷோன் 1970-இல் விவரித்த கைராய்டு பரப்பு இன்று பெரும்பாலான வடிவமைப்பு மென்பொருள்களில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. கணுக்களோ கூர்மையான மூலைகளோ இல்லாமல் தொடர்ந்து வளையும் இந்தத் தகடு, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு வழிகளாக இடத்தைப் பிரிக்கிறது. தாங்குகால் இல்லாமல் நன்றாக அச்சாகிறது. அதே எடையில் எட்டுத் தண்டுப் பின்னலைவிட மிகவும் விறைப்பானது. வெப்பப் பரிமாற்றிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தைக் காண்பது அரிது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் கைராய்டு என்று தாவுவதற்கு முன் தடிமனைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2 மி.மீ. கலத்தில் 12 விழுக்காடு அடர்த்தி வேண்டுமானால் தகட்டின் தடிமன் 0.08 மி.மீ. ஆக இருக்க வேண்டும்; இதை லேசர் எந்திரம் அச்சிடாது. 0.2 மி.மீ. தகடு வேண்டுமானால் கலத்தை 5 மி.மீ. ஆகப் பெரிதாக்க வேண்டும். சோதனை மாதிரியிலும் பத்துக் கலங்கள் அடங்க வேண்டும் என்று கொண்டால் அதன் பக்கம் 50 மி.மீ., கனஅளவு பதினைந்து மடங்குக்கும் மேல்.

5 மி.மீ. கலத்தையே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்து, அதே அடர்த்தியில், அதே 0.06 மி.மீ. தடிப்பு நேர்வதாகக் கொண்டு ஒப்பிட்டால் எதிர்பாராத வரிசை கிடைக்கிறது. எட்டுத் தண்டுப் பின்னலில் தண்டு 0.75 மி.மீ. இருக்கும், தடிப்பு 8 விழுக்காடு, விறைப்பில் பிழை 36 விழுக்காடு. ஆக்டெட் பின்னலில் தண்டுகள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் 0.48 மி.மீ.; தடிப்பு 12.5 விழுக்காடாக உயர்ந்தாலும், விறைப்பு விட்டத்தின் இரண்டாம் அடுக்கில் மட்டுமே மாறுவதால் பிழை 27 விழுக்காடுதான். கைராய்டின் 0.2 மி.மீ. தகட்டில் தடிப்பு 30 விழுக்காடு. அதன் அடுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால் பிழை 30 முதல் 70 விழுக்காடுவரை போகலாம். எடைக்கேற்ற விறைப்பில் பின்தங்கும் எட்டுத் தண்டுப் பின்னல், பெரிய கலத்தில் பிழையைத் தாங்குவதில் கைராய்டுக்குச் சளைத்ததாக இல்லை. ஆக்டெட்டுக்கு இந்த வகையில் முதலிடம் கொடுத்தாலும், அதன் தண்டுகளில் ஒரு பகுதி கிடைமட்டமாகவே அமைவதால் அவற்றின் அடிப்பகுதி தொங்கிவிடும். அச்சிடும்போது பின்னலைச் சாய்த்து வைத்து இதைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது.

சிதறிய புள்ளிகளைச் சுற்றி இடத்தைப் பங்கிடும் வொரோனோய் முறையில் ஒழுங்கின்றிப் பின்னப்பட்ட நுரைகளுக்கு வேறொரு நன்மை உண்டு: எத்திசையிலும் ஒரே குணம், ஓரிரு தண்டுகள் அறுந்தாலும் பெரிதாக எதுவும் மாறாத பொறுமை. ஆனால் ஒரு கலத்தைக் கணக்கிட்டு முடித்துவிட முடியாது. பெரிய பகுதிகளைப் பல முறை வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளோடு உருவாக்கிச் சராசரி காண வேண்டும். எலும்புடன் சேரும் பரப்புப் பகுதிக்கு இதைப் பரிந்துரைப்பேன், சுமை தாங்கும் நடுப்பகுதிக்கு அல்ல.

எந்திரத் தேர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். எலக்ட்ரான் கற்றை எந்திரம் தூள் படுகையைச் சுமார் 700 டிகிரி செல்சியசில் வைத்திருப்பதால் உள்ளழுத்தமும் கோணலும் குறைவு; ஆனால் 45 முதல் 105 மைக்ரான் வரையிலான பெரிய துகள்களும், படுகை முழுதும் பாதி சுட்டு இறுகுவதும் சேர்ந்து, சிறிய துளைகளிலிருந்து தூளை வெளியேற்றுவதைக் கடினமாக்குகின்றன. பசை தெளித்து ஒட்டிப் பின்னர் சுடும் முறை வேகமானது. நீளத்தில் 15 முதல் 20 விழுக்காடு சுருக்கம் நேர்வதால், மெல்லிய பின்னலில் அந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்குமா என்பதைத் தனியே நிறுவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளைகளுக்கு நான் லேசரையே தேர்ந்தெடுப்பேன்.

திரவம் பாய வேண்டிய பாகங்கள்

ஊடுருவுதிறனே, அதாவது திரவத்தைத் தன்னுள் பாயவிடும் திறனே, இலக்காக இருந்தால் ஒப்பீட்டின் போக்கு மாறுகிறது. 1856-இல் டார்சி மணல் வடிகட்டிகளில் ஓட்டத்துக்கும் அழுத்த இழப்புக்கும் இடையே கண்ட நேர்விகிதத் தொடர்பு, ஓட்டம் மெதுவாக இருக்கும்வரை எந்தத் துளைப் பொருளுக்கும் பொருந்தும். கொசெனியும் கார்மனும் அளித்த சமன்பாட்டை நம் 2 மி.மீ. பின்னலுக்குப் பயன்படுத்தினால், அதே 0.06 மி.மீ. தடிப்பு ஊடுருவுதிறனைச் சுமார் 40 விழுக்காடு குறைத்துவிடும் என்று தெரிகிறது. அந்தச் சமன்பாடு நெருக்கமாக அடைந்த துகள் படுகைகளுக்காகப் பிறந்தது. 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துளைமையில் அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்கேன் செய்த வடிவத்தின்மீது லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில் ஓட்டத்தை நேரடியாகக் கணக்கிடுவது இங்கே சிறந்தது. வோக்சல்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும் முறை அது.

ஆனால் இதைவிட மலிவான ஒரு வழி இருக்கிறது, அது போதிய கவனம் பெறவில்லை என்பது என் ஆதங்கம். மெதுவான ஓட்டத்தில் ஊடுருவுதிறன் வடிவத்தை மட்டுமே சார்ந்தது. எந்தப் பொருளால் ஆனது என்பதைச் சாராது. அளவைப் பெருக்கினால் அது நீளத்தின் இரண்டாம் அடுக்கில் பெருகும். ஆகவே ஸ்கேன் செய்த உலோகப் பின்னலின் ஒரு பகுதியை ஐந்து மடங்கு பெரிதாக்கிச் சாதாரண ரெசின் எந்திரத்தில் அச்சிட்டு, நீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பாகுத்தன்மை கொண்ட கிளிசரினை அதனுள் செலுத்தி அழுத்த இழப்பை அளந்தால், கிடைக்கும் ஊடுருவுதிறனை 25-ஆல் வகுத்து உலோகப் பாகத்தின் மதிப்பைப் பெறலாம். பாகுத்தன்மை அதிகமான திரவம் ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டத்தின் நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை) ஒன்றுக்குக் கீழே வைத்திருக்கிறது. பெரிதான துளைகள் குமிழிகள் சிக்காமல் தடுக்கின்றன. தண்டின் தடிப்பும் கோணலும் ஸ்கேனிலிருந்தே வருவதால் அவையும் மாதிரியில் இருக்கின்றன. ஓட்டத்தை வெவ்வேறு வேகங்களில் அளந்து, அழுத்த இழப்பு நேர்கோடாகவே உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கினால் டார்சியின் எல்லை தாண்டிவிட்டது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது. பின்னல் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை வரைந்த வடிவத்தின் கணக்கீடு மட்டும் போதும். தேர்ந்த பின்னலில் தடிமன் பிழை இலக்குப் பண்பில் இரண்டாம் அடுக்குக்குமேல் பெருகாது என்றால், எடை பார்த்து, அளந்த அடர்த்தியை மீண்டும் கணக்கில் இட்டு, அழுத்தச் சோதனையால் உறுதி செய்துகொண்டு முடிக்கலாம். ஸ்கேனுக்கு ஒதுக்கிய தொகையைக் கூடுதல் மாதிரிகளுக்குச் செலவிடுவது நல்லது. மூன்று, நான்கு அடுக்காகப் பெருகும் என்றால் ஸ்கேனிலிருந்து தப்ப வழியில்லை. ஒரே பின்னலை நெடுங்காலம் உற்பத்தி செய்யப்போகிறோம் என்றால் மட்டும் சோதனை அட்டவணையை முதன்மையாகக் கொள்ளலாம்.

பாகம் லட்சக்கணக்கான முறை சுமை ஏறி இறங்கப் போகிறதென்றால் இந்தப் பங்கீடு செல்லாது. உலோகச் சோர்வால் வரும் முறிவு சராசரி விறைப்பைப் பார்ப்பதில்லை. மிக மோசமான ஒரு தண்டின் மிக மோசமான ஒரு பள்ளத்திலிருந்து தொடங்குகிறது. வோக்சல் கணக்கில் நம்பக் கூடாதது என்று மேலே குறிப்பிட்ட அந்த உச்ச அழுத்தம்தான் இங்கே முழுக் கேள்வியும். உயர் அழுத்த வாயுவில் சூடாக்கிப் பதப்படுத்துவது தண்டுக்குள் இருக்கும் நுண்வெற்றிடங்களை மூடும், பரப்பின் கரடுமுரடைத் தொடாது. அமிலத்தால் அரிப்பது ஒட்டிய துகள்களை நீக்கும், ஆனால் தண்டையும் மெலியச் செய்யும், அந்த இழப்பையும் முன்கூட்டியே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். இத்தகைய பாகத்துக்குச் சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் சோதனையை இறுதிவரை ஒத்திப்போடாமல், முதல் அச்சிலேயே அதற்கான மாதிரிகளையும் படுகையின் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பரப்பி அச்சிட்டு, எந்த இடத்தில் வளர்ந்தது என்ற குறியீட்டோடு பத்திரப்படுத்த வேண்டும்.